ஊரிலேயே பெரிய வீடு எது?

பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுகளுக்குப் பேர்போன கானாடுகாத்தானில் எந்த வீட்டு முகப்பில் நின்று கேட்டாலும், "எங்க வீடுதான் பெருசு" என்பார்கள். நம்மவர்கள் யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. வெளிநாட்டுக்காரர்களிடம் "திஸ் இஸ் த பிக்கஸ்ட் ஹவுஸ்" என்று சொன்னால் மட்டும், "அப்படியா, எத்தனை சதுர அடி?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும்.

மாலையில் என் திண்ணைக்கு இங்கிலீஷ் படிக்க வருகிறவர்கள் எல்லாம் கார் ஓட்டுகிற, வீடு சுற்றிக் காட்டுகிற தம்பிகள். பள்ளிக்கூடத்தில் 'டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்' என்று மார்க்குக்காகப் படித்ததை இப்போது பிழைப்புக்காகப் படிக்கிறார்கள்.

தமிழில் 'பெரிய' எங்கு போனாலும் 'பெரிய'தான். 'அந்த வீட்டை விட', 'இருக்கறதுலேயே' என்று பக்கத்துச் சொற்கள் பாரத்தைச் சுமந்துகொள்ளும். இங்கிலீஷில் அந்தச் சொல்லே உருமாறும். ஓரசைச் சொல் என்றால் வாலில் ஒட்டினால் போதும்: ஓல்ட், ஓல்டர், ஓல்டஸ்ட். பிக், ஹாட் மாதிரி ஓர் உயிரும் பின்னால் ஒற்றை மெய்யுமாக முடிந்தால் அந்தக் கடைசி எழுத்தை இரட்டித்து எழுத வேண்டும். 'ஹெவி'யில் ஒய் போய் ஐ வரும். பியூட்டிஃபுல், எக்ஸ்பென்ஸிவ் போன்ற நீளச் சொற்களுக்கு முன்னால் மோர், மோஸ்ட். குட்-பெட்டர்-பெஸ்ட், பேட்-வொர்ஸ்-வொர்ஸ்ட் எந்த விதிக்கும் அடங்காதவை, மனப்பாடம்தான். 'மோர் பெட்டர்' என்று மட்டும் யாரும் என் திண்ணையில் சொல்லக் கூடாது. அழுத்திச் சொல்ல வேண்டுமா, 'மச் பெட்டர்' இருக்கிறது.

'விட' என்று அர்த்தம் தரும் 'தேன்' போட்டு ஒப்பிடுவது அவர்களுக்குச் சுலபம். காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போகிற வழியில்தான் குன்றக்குடி. ஆகவே, "குன்றக்குடி இஸ் நியரர் தேன் பிள்ளையார்பட்டி." தினமும் ஓட்டுகிற ரோடு, தப்பே வராது. எழுதச் சொன்னால்தான் 'ஏ' வர வேண்டிய இடத்தில் 'ஈ' போட்டு, 'பிறகு' என்று அர்த்தமாக்கிவிடுவார்கள்.

சிக்கல் 'எனி அதர்' வரும்போது. "திஸ் ஹவுஸ் இஸ் பிக்கர் தேன் எனி ஹவுஸ் இன் த வில்லேஜ்" என்றான் ஒருவன். இந்த வீடும் அதே ஊரில்தானே இருக்கிறது? அப்படியானால் அது தன்னைவிடவே பெரிது என்றாகிவிடும். "எனி அதர் ஹவுஸ்" என்றால்தான் கணக்கு சரி. 'நோ அதர்' என்று தொடங்கி மாற்றி எழுதச் சொன்ன பள்ளிப் பயிற்சியிலும் இதே நியாயம்தான். அன்றைக்கு அதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் வீடு காட்டுகிறவனுக்கு நான் சிபாரிசு செய்வது 'ஒன் ஆஃப் த பிக்கஸ்ட் ஹவுஸஸ்'. பொய்யும் இல்லை, பெருமையும் குறையாது. கடைசியில் பன்மை வந்தாக வேண்டும். தம்பிகள் 'ஹவுஸ்' என்றே நிறுத்துவார்கள். 'பெரிய வீட்டுல ஒண்ணு' என்று பேசியே பழகிய நாக்கு, வேறெப்படி வரும்?

போன வாரம் ஒரு தம்பி கேட்டான்: "டீச்சர், வீட்டுக்காரர் பக்கத்துலயே நின்னா ஒன் ஆஃப்னு எப்படிச் சொல்றது? கோவிச்சுக்குவாகளே!"

அவர் இருக்கும்போது 'மோஸ்ட் பியூட்டிஃபுல்' என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். அழகுக்குச் சதுர அடி கிடையாது.