அட்டை இருந்தது, பெயர் இல்லை

அம்மாவின் வாக்காளர் அட்டை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில், ரேஷன் கார்டுக்கும் பேங்க் பாஸ்புக்குக்கும் நடுவில் பத்திரமாக இருக்கும். 2024 பிப்ரவரியில் வேறு எதையோ தேடி அந்த டப்பாவைத் திறந்தேன். தேர்தல் வருகிறதே என்று அட்டை எண்ணைப் போனில் போட்டுப் பார்த்தேன். பதிவு எதுவும் இல்லை என்று வந்தது. தப்பாக அடித்திருப்பேன் என்று மூன்று முறை அடித்தேன். அப்புறம் எங்கள் வாக்குச்சாவடிக்கான பட்டியலை முழுசாக இறக்கிப் பக்கம் பக்கமாகத் தேடினேன். எதிர்வீட்டுப் பெரியம்மா பெயர் இருந்தது. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மா பெயர் இல்லை.

"இன்னாடி இது, நான் இன்னா செத்தா பூட்டேன்? உசுரோட தானே கீறேன்!" என்றாள் அம்மா.

அவளுக்கு ஓட்டு என்றால் விளையாட்டு இல்லை. 2019 ஏப்ரல் 18 அன்று நடக்க வேண்டிய வேலூர் மக்களவைத் தேர்தல், இரண்டு நாள் முன்னால் ரத்தானது. பணம் பிடிபட்டதுதான் காரணம். பிறகு ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. அம்மா அன்று களையெடுக்கப் போகாமல் காலையிலேயே வரிசையில் நின்றாள். அந்தத் தேர்தலில் ஜெயித்தவருக்கும் அடுத்து வந்தவருக்கும் இருந்த வித்தியாசம் 8,141 ஓட்டு. ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்த இடத்தில் அவ்வளவுதான். ஒரு பெயர் போனால் என்ன என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வரும்.

பெயர் ஏன் போனது என்று யோசித்தால், 2023-இல் முட்டி ஆபரேஷன் ஆகி அம்மா ஏழு மாதம் காட்பாடியில் என் வீட்டில் இருந்தாள். கிராமத்து வீடு பூட்டியே கிடந்தது. விசாரிக்க வந்தவரிடம் அக்கம்பக்கத்தில் யாரோ "பொண்ணு வூட்டுக்குப் போய்ட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் மேல் தப்பில்லை, உண்மையைத்தான் சொன்னார். ஆனால் மகள் வீட்டுக்குப் போவதும் ஊரை விட்டே போவதும் ஒன்றா?

அலுவலகத்தில் முதலில் படிவம் 8 கொடுத்தார்கள். நிரப்பி நீட்டினால், பட்டியலில் பெயர் இருந்தால்தான் அதில் முகவரி மாற்றவோ திருத்தவோ முடியும் என்று இன்னொரு மேசையில் திருப்பி அனுப்பினார்கள். பெயரே இல்லாதவருக்குப் படிவம் 6. சரி, அரை நாள் போனது. அங்கே ஒருவர், "காட்பாடியிலேயே சேர்த்துடுங்களேன், அலைச்சல் மிச்சம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பாலாற்றைத் தாண்டினால் தொகுதியே மாறிவிடும். காட்பாடி அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. அம்மாவின் வீடு, மாடு, ரேஷன் கடை எல்லாம் இந்தப் பக்கம். அவள் ஏன் அங்கே ஓட்டுப் போட வேண்டும்?

அன்று இரவு 1950-ஆம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். பிரிவு 20 தெளிவாக இருக்கிறது: தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் ஒருவர் அந்த ஊரில் சாதாரணமாக வசிப்பவர் இல்லை என்று ஆகிவிடாது. பிரிவு 22-இன்படி, இடம்பெயர்ந்துவிட்டார் என்று பெயரை நீக்குவதற்கு முன்னால் அவர் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பு கொடுக்க வேண்டும். அம்மா கைக்கு எந்த நோட்டீஸும் வரவில்லை. பூட்டின கதவில் ஒட்டிவிட்டுப் போனார்களோ என்னவோ. நீக்கியதை எதிர்த்து பதினைந்து நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். எங்களுக்கு விஷயம் தெரிவதற்குள் அந்த நாளெல்லாம் ஓடிவிட்டிருந்தது.

சண்டை போடுவதா, பெயரைச் சேர்ப்பதா? நான் முதலில் பெயரைச் சேர்த்தேன். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது. படிவம் 6, வயதுக்கு ஆதார், முகவரிக்குக் கிராமத்து விலாசம் உள்ள பேங்க் பாஸ்புக், ஒரு போட்டோ. ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கினேன். கொடுக்காமலே அனுப்பப் பார்ப்பார்கள், வாங்காமல் நகராதீர்கள். கூடவே, பெயர் எந்தக் காரணத்துக்காக நீக்கப்பட்டது என்று கேட்டு ஒரு கடிதமும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். பதில் பிறகு வந்தது, ஒரே வரி: நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்.

வந்த விண்ணப்பங்களின் பட்டியலை ஏழு நாள் வெளியே வைப்பார்கள், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். அதற்கிடையில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்தார். அங்கன்வாடியில் வேலை பார்க்கும் பெண், இந்த வேலை அவருக்குக் கூடுதல் சுமை. அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "இங்கதானே இருக்கீங்க" என்று சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். மார்ச் முதல் வாரம் பெயர் ஏறியது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பட்டியல் என் கையில் இருந்தது, அச்செடுத்தும் வைத்திருந்தேன். நானும் பக்கத்துத் தெருவில் டியூஷன் எடுக்கும் தம்பியும் வீடு வீடாகப் போனோம். "எந்தக் கட்சிம்மா நீங்க?" என்பதுதான் எல்லா வாசலிலும் முதல் கேள்வி. எந்தக் கட்சியும் இல்லை, உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தோம் என்று சொன்னால் நம்பப் பாதிப் பேர் தயங்கினார்கள். கட்சி முகவர் ஒருவர் சேர்ந்து போகலாம் என்று கூப்பிட்டார், மறுத்துவிட்டோம். கல்யாணமாகி வந்த மருமகள்கள் பெயர் பெரும்பாலும் இன்னும் அம்மா வீட்டு ஊரிலேயே இருந்தது. பதினெட்டு முடிந்த பிள்ளைகள் ஜனவரிக்காகக் காத்திருந்தார்கள். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதத்தின் முதல் தேதியும் தகுதி நாள்தான், அதாவது பதினெட்டு முடிந்ததா என்று பார்க்கும் நாள்தான் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. "கையில அட்டை கீது, அப்புறம் இன்னா?" என்று எத்தனை பேர் கேட்டார்கள்! அட்டை ஆளை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டு இல்லை.

ஏரிக்கரையில் தார்ப்பாய்க் குடிசைகளில் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே பெரியவர்கள் ஐந்து பேர் பெயர் எதிலும் இல்லை. பட்டா இல்லை, கரண்ட் பில் இல்லை, எங்களை எப்படிச் சேர்ப்பார்கள் என்றார்கள். படிவம் 6-இலேயே பதில் இருக்கிறது: வசிப்பிடத்துக்கு எந்த ஆவணமும் இல்லாதவருக்கு நேரில் போய் விசாரிப்பது கட்டாயம். அந்த வரியைக் கோடு போட்டுக் காட்டித்தான் ஐந்து படிவத்தையும் கொடுத்தோம். இரண்டு பேர் ஆதாரில் பிறந்த வருடம் தப்பு. அதைச் சரி செய்வதற்குள் மார்ச் 27, மனு தாக்கலின் கடைசி நாள், கடந்துவிட்டது. மூன்று பேருக்குப் பெயர் வந்தது.

ஏப்ரல் 19 அன்று நல்ல வெயில். அம்மா ஏழு மணிக்கே போய்விட்டாள். நான் காட்பாடியில் என் ஓட்டைப் போட்டுவிட்டு பஸ் பிடித்துப் போனபோது, பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுப் போட்டு ரொம்ப நேரம் ஆகியிருந்தது. ஏரிக்கரையிலிருந்து இன்னும் ஒருத்தி வரவில்லை, அவள் வரும்வரை இருக்கிறேன் என்றாள்.