இபாதான் மாணவர்களின் மருத்துவ இதழுக்கு ஒரு வரலாறு தொகுத்த அனுபவம்

நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களே ஆசிரியர் குழுவாக இருந்து நடத்தும் ஓர் இதழ் உண்டு. பெயர் 'டோக்கிட்டா'. 1960இல், நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் தொடங்கியது. ஆப்பிரிக்க மருத்துவக் கல்வியின் வரலாற்றைப் படித்துவரும் எனக்கு ஒரு கேள்வி நெடுநாளாக மனதை விட்டு அகலாமல் இருந்தது. சம்பளம் வாங்கும் ஆசிரியர் ஒருவர்கூட இல்லாமல், தேர்வுக்கும் வார்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் ஓர் இதழை எப்படி இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருந்தார்கள்? விடை தேடி அதன் வரலாற்றைத் தொகுக்கத் தொடங்கினேன். அந்த வேலையில் எது பலித்தது, எங்கே நேரம் செலவானது என்பதை, இதைப் போன்ற ஒன்றில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மாணவர் இதழின் வரலாற்றை எழுதுவதில் உள்ள பெரிய தடை, அந்த இதழுக்குச் சொந்தமாக நினைவு இல்லாதது. குழு ஒன்று வருகிறது, இரண்டொரு இதழ்களைக் கொண்டுவருகிறது, பட்டம் பெற்றுப் போய்விடுகிறது. அவர்களோடு கணக்குப் புத்தகமும் கடிதங்களும் போய்விடுகின்றன. அடுத்த குழுவுக்கு மிஞ்சுவது அச்சான இதழ்கள் மட்டுமே. அவையும் எல்லாம் மிஞ்சுவதில்லை. ஆகவே வரலாறு இதழின் அலுவலகத்தில் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. வெளியிலிருந்துதான் திரட்ட வேண்டும்.

முதல் வேலையை வீட்டிலிருந்தபடியே செய்தேன். இபாதான் பகுதியின் யொரூபா மக்கள் மருத்துவரை அன்றாடம் அழைக்கும் சொல்லே இதழின் பெயராக இருப்பதால், தேடுபொறியில் அதை மட்டும் தட்டினால் சம்பந்தமில்லாத குப்பைதான் கொட்டும். இதழின் கட்டுரைகள் நேரடியாகக் கிடைத்ததும் மிகக் குறைவு. எனவே தலைகீழாகத் தேடினேன். இபாதான் பேராசிரியர்கள் வேறு இதழ்களில் எழுதிய கட்டுரைகளை எடுத்து, அவற்றின் கடைசிப் பக்கத்தில் உள்ள மேற்கோள் பட்டியலை மட்டும் படித்தேன். அங்கே 'டோக்கிட்டா' தென்படும்போது ஆண்டு, தொகுதி எண், பக்க எண், எழுதியவர் பெயர் எல்லாம் சேர்ந்தே கிடைக்கும். அந்த ஒரு வரி போதும்: அந்த ஆண்டில் இதழ் வந்தது, குறைந்தது இத்தனை பக்கம் இருந்தது, இன்னார் எழுதினார் என்று பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் ஒரு மேற்கோளை மட்டும் நம்பக் கூடாது. ஒருவர் தவறாகக் குறித்த தொகுதி எண்ணை அடுத்தவர் பார்க்காமலே எடுத்தெழுதும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கட்டுரைகளில் ஒரே எண் இருந்தால்தான் என் அட்டவணையில் அதை மையால் எழுதுவது, இல்லாவிட்டால் பென்சிலால் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன்.

அட்டவணை வளரும்போது அதன் பக்கத்திலேயே கல்லூரியின் கால வரிசையையும் எழுதி வந்தேன். இந்தப் பழக்கத்தை யாருக்கும் பரிந்துரைப்பேன், ஏனென்றால் முதல் உண்மையான வெளிச்சம் அதிலிருந்துதான் வந்தது. இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரி 1948இல் லண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்து தொடங்கியது. மருத்துவம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஆனால் மாணவர்கள் நோயாளிகளைப் பார்த்துப் பயிலத் தகுந்த மருத்துவமனை அங்கே இல்லை. நகரிலிருந்த அடெயோயோ மருத்துவமனை லண்டன் கேட்ட தரத்துக்குப் போதாது என்று கருதப்பட்டதால், தொடக்க ஆண்டுகளில் சேர்ந்த மாணவர்கள் வார்டுப் பயிற்சிக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனை 1957 நவம்பரில்தான் முறைப்படி திறக்கப்பட்டது. முழுப் படிப்பையும் இபாதானிலேயே முடித்த முதல் அணி 1960இல் டாக்டர்களாக வெளியே வந்தது.

இதழ் ஏன் 1960இல் பிறந்தது என்பதற்கு விடுதலை உணர்ச்சியையே எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு காரணமும் இருப்பதாக நான் கருதுகிறேன். 1957க்கு முன்னால் அந்த ஊரில் வார்டு மாணவர்கள் என்ற கூட்டமே நிலையாக இல்லை. ஒரே விடுதியில் தங்கி, ஒரே நோயாளியைப் பற்றி இரவு வாதாடி, மறுநாள் பேராசிரியரிடம் போய்க் கேட்கும் ஒரு கூட்டம் உருவான பிறகுதான் இதழுக்கு ஆசிரியர்களும் வாசகர்களும் கிடைத்தார்கள். மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மாணவர் விடுதிக்கு, அங்கே முதல் மருத்துவப் பேராசிரியராக இருந்த அலெக்சாண்டர் பிரவுனின் பெயரை வைத்திருக்கிறார்கள். இதழின் வரலாற்றில் அந்த விடுதிக்கு வகுப்பறையைவிடப் பெரிய இடம் தருவேன்.

அதற்குமேல் வீட்டிலிருந்து செய்ய ஒன்றுமில்லை. பயணத்துக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். இந்தியாவில் அதைப் போட அரசு அங்கீகரித்த மையங்கள் மட்டுமே உண்டு, சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றில் ஒன்று. விசாவுக்கு அழைப்புக் கடிதம் தேவை. அதைவிட முக்கியமானது நூலகத்துக்கான அறிமுகக் கடிதம். என் ஆய்வு நெறியாளரின் கையெழுத்தும் முத்திரையும் இட்ட கடிதத்தில் எந்த இதழ், எந்த ஆண்டுகள், படம் எடுக்க வேண்டுமா, எடுத்த படங்களை என்ன செய்வேன் என்பதை எல்லாம் முன்கூட்டியே எழுதி வாங்கியது அங்கே மிகவும் உதவியது. நூலகர்கள் அஞ்சுவது படமெடுப்பதைப் பற்றியல்ல, எடுத்துக்கொண்டு போய்விடுபவர்களைப் பற்றித்தான். அந்த அச்சம் நியாயமானது. ஆப்பிரிக்க நாடுகளின் ஆவணங்கள் வெளிநாட்டவர் கைக்குப் போய்த் திரும்பாமல் இருந்த வரலாறு நீளமானது. எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிரதி நூலகத்துக்குத் தருவேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

முன்னாள் ஆசிரியர்களிடம் பேட்டி எடுப்பதற்குத் தனியாக ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நைஜீரியாவில் 2007 முதல் இதற்குத் தேசிய விதித்தொகுப்பு இருக்கிறது. பழைய நினைவுகளைக் கேட்பதற்கு இவ்வளவா என்று தோன்றலாம். ஆனால் ஒப்புதல் படிவத்தை உட்கார்ந்து எழுதியபோதுதான், எதைக் கேட்கப் போகிறேன், யாருடைய பெயரை மறைப்பேன் என்பதெல்லாம் எனக்கே தெளிவானது.

லாகோஸிலிருந்து ரயிலில் போனேன். 2021இல் திறந்த புதிய பாதை, 157 கிலோமீட்டர். இபாதான் நிலையம் நகரின் வடகோடியில் மோனியாவில் இருக்கிறது. பல்கலைக்கழகமும் நகரின் வடபகுதியில்தான். மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் அங்கிருந்து விலகி வேறு வளாகத்தில் இருக்கின்றன. இதை முன்பே தெரிந்துகொண்டு தங்குமிடம் பார்ப்பது நல்லது, ஏனென்றால் வேலை இரண்டு இடத்திலும் இருக்கிறது.

மருத்துவ நூலகத்துக்கு லதுண்டே ஒடேக்குவின் பெயர். நைஜீரியாவின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவர் அவர். அமெரிக்காவில் பயின்று, அங்கேயே வசதியாக இருந்திருக்கக்கூடிய மனிதர், 1962இல் இபாதானுக்கு வந்தார். கவிதைகளும் எழுதினார். 1974இல் 47 வயதிலேயே இறந்துவிட்டார். அவரைப் போன்றவர்கள் பாடம் நடத்திய இடத்தில் மாணவர்களுக்கு எழுதும் ஆசை வந்ததில் வியப்பில்லை. இன்னொருவர் நரம்பியல் மருத்துவர் ஒசுன்டோகுன். மரவள்ளிக்கிழங்கையே பெரிதும் உண்டு வாழும் கிராம மக்களுக்கு வரும் கால் தள்ளாட்டத்தையும் பார்வைக் குறைவையும் ஆராய்ந்து, சரியாகப் பதப்படுத்தாத கிழங்கிலுள்ள சயனைடோடு அதைத் தொடர்புபடுத்தி 1968இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். லண்டனில் அச்சான பாடநூலில் அந்த நோயாளி இல்லை. வார்டில் படுத்திருந்தார். 1963 முதல் மாணவர்கள் இக்போ-ஓரா என்ற ஊருக்குப் போய் இபராபா வட்டாரத்துக் கிராமங்களில் சில வாரம் தங்கிப் பயிலும் ஏற்பாடும் வந்தது. பாடநூலுக்கும் வார்டுக்கும் இடையிலிருந்த இந்த இடைவெளியில்தான் மாணவர் இதழ் நின்றது. தங்கள் ஆசிரியர்களிடம், தங்கள் நோயாளிகளைப் பற்றி, தேர்வுக்குப் படிக்கக்கூடிய நடையில் எழுதித் தாருங்கள் என்று மாணவர்களால் கேட்க முடிந்தது. பெரிய பேராசிரியர்களும் மறுக்காமல் எழுதியிருக்கிறார்கள். பிற்காலக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல்களே அதற்குச் சாட்சி.

இரண்டாவது இடம் தலைமை வளாகத்திலுள்ள கென்னத் டைக் நூலகம். நாட்டில் அச்சாகும் வெளியீடுகளை 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றுவந்த நூலகம் அது. 1970இல் தேசிய நூலகத்துக்கும் பிரதி தர வேண்டும் என்ற சட்டம் வந்தது. மாணவர்கள் நடத்தும் இதழ்கள் இந்தக் கடமையை எப்போதும் நினைவில் வைத்திருப்பதில்லை என்றாலும், மருத்துவ நூலகத்தில் இல்லாதது இங்கே இருக்கக்கூடும். இரண்டு நூலகங்களின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் முறை. அலமாரியைக் கையால் தடவிப் பார்க்க அனுமதி கேட்பதும் அவசியம். பைண்டு செய்யப்பட்ட தொகுப்புக்குள் பட்டியலில் ஏறாத இதழ் ஒளிந்திருப்பது எங்கும் நடப்பதுதான்.

படமெடுப்பதைப் பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டேன். மின்சாரத்தை நம்பித் திட்டமிட வேண்டாம். ஒவ்வோர் இதழிலும் கட்டுரைகளுக்கு முன்னால் வேறு பக்கங்களைப் பார்த்தேன்: ஆசிரியர் குழுவின் பெயர்ப் பட்டியல், தலையங்கம், நன்றியுரை, விளம்பரம், அச்சகத்தின் முகவரி, விலை. ஆய்வுக் கட்டுரை என்றோ ஒரு நாள் வேறிடத்தில் கிடைத்துவிடும். நன்றியுரை வேறெங்கும் கிடைக்காது. பணம் எங்கிருந்து வந்தது, எந்தப் பேராசிரியர் பின்னால் நின்று தாங்கினார் என்பதெல்லாம் அந்தச் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

ஆண்டும் தொகுதி எண்ணும் ஒத்துப்போகாத இடங்களில்தான் அதிக நேரம் செலவானது. பிறகு அதுவே இந்த வேலையின் மிக வளமான பகுதி என்று புரிந்தது. 1967 முதல் 1970 வரை உள்நாட்டுப் போர். 1986 செப்டம்பரில் கட்டமைப்புச் சீரமைப்புத் திட்டம் என்ற பொருளாதாரச் சீர்திருத்தத்தின் கீழ், நாட்டின் நாணயமான நைரா சந்தை விலைக்கு விடப்பட்டது. 1985இல் ஒரு டாலர் ஒரு நைராவுக்கும் குறைவு, 1999இல் 90 நைராவுக்கு மேல். தாள், மை, தகடு என்று அச்சுக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி இறக்குமதி. வெளிநாட்டு இதழ்களுக்குச் சந்தா கட்டப் பல்கலைக்கழக நூலகங்களால் முடியவில்லை. ஒரு பக்கம் இதழை அச்சிடுவது கடினமாகிறது, மறுபக்கம் அந்த இதழின் தேவை கூடுகிறது. புதிய வெளிநாட்டு இதழ் வந்து சேராத நூலகத்தில் சொந்த ஆசிரியர் எழுதிய மீள்பார்வைக் கட்டுரைக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்! அந்த ஆண்டுகளில் இதழைக் கொண்டுவந்த மாணவர்கள் மேல் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. விரிவுரையாளர் வேலைநிறுத்தங்கள் இன்னொரு காரணம். 2020இல் ஒன்பது மாதம், 2022இல் எட்டு மாதம் என்று நீண்டவை அவை. வளாகம் மூடினால் குழு கலைகிறது, தேர்வு தள்ளிப்போகிறது, ஒரு குழுவின் ஆண்டு இரண்டு நாட்காட்டி ஆண்டுகளில் பரவுகிறது. எனவே எண் தப்பியிருப்பதைக் கண்டால் உடனே பிழை என்று திருத்தக் கூடாது. அந்த ஆண்டு நாட்டில் என்ன நடந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பேட்டிகளில் கற்றுக்கொண்டது ஒன்றுதான். முதியவர்களிடம் இதழின் வரலாற்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், எல்லோரும் அறிந்த பெருமைகளைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவர்கள் காலத்து இதழின் பெயர்ப் பட்டியலை அச்செடுத்துக் கையில் கொடுத்தால் கதை வேறாகிறது. ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார்: இவர் மெய்ப்புத் திருத்துவார், இவருக்கு மருந்துக் கம்பெனிகளில் ஆள் தெரியும், இவர் பிறகு லண்டன் போய்விட்டார், இவர் இப்போது இல்லை. அச்சகத்தில் காத்துக் கிடந்த மாலைகளைப் பற்றி அவராகவே பேசினார். இதழ் வெளிவந்தபின் பேராசிரியரின் அறைக்கு எடுத்துப் போனதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். என் அட்டவணையில் பென்சிலில் இருந்த ஒரு தொகுதி அவருடைய அலமாரியிலிருந்தே வந்தது.

இப்போதைய நிலை இது. அட்டவணையும் படங்களும் மூன்று பிரதிகளாக இருக்கின்றன. நூலகத்துக்கு ஒன்று, இன்றைய மாணவர் குழுவுக்கு ஒன்று, என்னிடம் ஒன்று. மாணவர்களிடம் கொடுத்தபோது ஒரு வேண்டுகோள் வைத்தேன்: ஒவ்வொரு குழுவும் விடைபெறும்போது ஒரு பக்கம் எழுதி அட்டவணையோடு சேர்க்க வேண்டும், யார் அச்சிட்டார்கள், எவ்வளவு செலவு, எங்கே தடங்கல் என்று. 1998இல் தொடங்கிய ஆப்பிரிக்க இதழ்களுக்கான இணைய வாயில் போன்றவற்றில் பழைய தொகுதிகளை ஏற்றலாமா என்பதை அவர்கள் தீர்மானிக்க வேண்டும். இதழ் அவர்களுடையது.

பென்சில் வரிகள் இன்னும் இருக்கின்றன, பெரும்பாலும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து ஏராளமான ஆசிரியர்களும் மருத்துவர்களும் நைஜீரியாவில் பணிபுரிந்தார்கள், தமிழர்களும் அவர்களில் உண்டு. உங்கள் வீட்டில் யாராவது இபாதானிலோ அதன் சுற்றுவட்டாரத்திலோ வேலை பார்த்திருந்தால், பரணில் இருக்கும் பழைய பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். அட்டையில் இந்த இதழின் பெயர் கண்ணில் பட்டால், அது எவ்வளவு நைந்திருந்தாலும் பழைய தாள்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அட்டை, பெயர்ப் பட்டியல், உள்ளடக்கப் பக்கம் மூன்றையும் தெளிவாகப் படமெடுத்து இபாதான் மருத்துவ நூலகத்துக்கு அனுப்பினாலே ஒரு வரியை மையால் எழுதிவிடலாம்.