உத்திரமேரூர்க் கல்வெட்டை வைத்து ஒரு பருவக் கட்டுரை எழுதுவது எப்படி

வரலாறு படிக்கும் மாணவர்கள் அதிகம் எடுக்கும் தலைப்புகளில் ஒன்று 'சோழர் கால உள்ளாட்சி'. அதிகம் சொதப்பும் தலைப்பும் அதுதான். நானூறு ஆண்டுக்கும் மேற்பட்ட ஆட்சியை, பல்லாயிரம் கல்வெட்டுகளை 3,000 சொற்களுக்குள் அடக்க முயன்றால் பாடநூலில் இருப்பதையே சுருக்கி எழுத வேண்டியதாகிவிடும். குடவோலை (குடத்தில் பெயரோலை இட்டு ஆள் எடுக்கும் முறை), வாரியம் (ஊர் வேலைகளைப் பார்க்கும் குழு), 'அந்தக் காலத்திலேயே மக்களாட்சி' என்று மூன்று பத்தியில் கட்டுரை முடிந்துவிடும். திருத்துகிற ஆசிரியர் இதை ஆண்டுதோறும் நாற்பது தாளில் படிக்கிறார்.

இதற்கு மாற்று, ஒரே ஒரு சான்றை எடுத்து அதைக் கடைசி வரி வரை படிப்பது. உத்திரமேரூர் அதற்கு மிகப் பொருத்தமான இடம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டு, மற்றது 14ஆம் ஆட்சியாண்டு. இரண்டுமே சபையின், அதாவது பிராமணர் ஊர் அவையின், வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. இரண்டே ஆண்டில் ஒரே ஊர் தன் விதியைத் திருத்தி எழுதியிருக்கிறது. அப்படியானால் கேள்வி தானாக வந்து நிற்கிறது: இடையில் என்ன மாறியது, ஏன் மாறியது? 'சோழர் உள்ளாட்சி' என்ற தலைப்பை எறிந்துவிட்டு இந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். இதற்கு விடை சொல்ல உதவாத எந்தப் பத்தியும் கட்டுரைக்குள் வரக்கூடாது.

முதல் வேலை மூலத்தைக் கையில் எடுப்பது. இந்த இரு கல்வெட்டுகளையும் கல்வெட்டு ஆய்வாளர் வெங்கய்யா மொழிபெயர்ப்போடு இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் வெளியிட்டார். இன்றைக்கு இணையத்தில் சுற்றும் சுருக்கங்களில் பெரும்பாலானவை சுற்றி வளைத்து அதிலிருந்து வந்தவைதான். சுருக்கத்தின் சுருக்கத்தை மேற்கோள் காட்டாமல் நேரே அங்கே போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகமும் தரமணி ரோஜா முத்தையா நூலகமும் கைக்கெட்டும் தூரம். பழைய தொல்லியல் அறிக்கைகள் பலவும் மின்படிகளாகக் கிடைக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: முதல் மூன்று தொகுதிகளில் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு; அதற்குப் பின் வந்தவற்றில் பெரும்பாலும் மூலம் மட்டுமே. கிரந்த எழுத்தில் வரும் வடசொற்களைத் தமிழ் எழுத்தோடு கலந்து படிக்கப் பழக இரண்டு நாள் ஒதுக்குங்கள். அந்த இரண்டு நாள் வீண் போகாது.

அடுத்தது மன்னர் யார் என்ற கேள்வி. தவறு மலிந்த இடம் இது. கல்வெட்டில் 'பராந்தகன்' என்ற பெயரைத் தேடினால் அகப்படாது. 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்றுதான் இருக்கும். சோழர்கள் பரகேசரி, இராசகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடியவர்கள். விசயாலயனும் பரகேசரி, உத்தமசோழனும் பரகேசரி, முதலாம் இராசேந்திரனும் பரகேசரி. மதுரையைக் கொண்டதைச் சொல்லும் அடைமொழிதான் இங்கே ஆளை அடையாளம் காட்டுகிறது. அதே அடைமொழி இராசகேசரியோடு வந்தால் ஆள் வேறு. மன்னன் புகழைச் சொல்லிக் கல்வெட்டைத் தொடங்கும் நீண்ட மெய்க்கீர்த்தி வழக்கம் முதலாம் இராசராசன் காலத்தில்தான் நிலைபெற்றது. அதனால் அதற்கு முந்தைய கல்வெட்டுகளில் இப்படிச் சிறு துப்பை வைத்துத்தான் முடிவுக்கு வர முடியும். இந்த அடையாளத்தை எப்படிச் செய்தீர்கள் என்று இரண்டு வரியில் எழுதுங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வரலாற்று முறை தெரிந்தவர் எழுதியது என்று காட்டுவது இந்த இரண்டு வரிதான்.

ஆண்டுக் கணக்கும் அப்படியே. பராந்தகன் 907இல் பட்டமேறினான் என்று கொண்டால், 12ஆம் ஆண்டு என்பது 907 உடன் 12ஐக் கூட்டுவது அன்று. 907இல் தொடங்குவது முதலாம் ஆண்டு. ஆகவே 12ஆம் ஆண்டு 918-19இல் வரும், 14ஆம் ஆண்டு 920-21இல் வரும். நூல்களில் 919, 921 என்று பார்ப்பது இதன் சுருக்கம். ஒரு நூலில் 918 என்றும் இன்னொன்றில் 919 என்றும் பார்த்துக் குழம்பி இரண்டையும் வெவ்வேறு பக்கத்தில் எழுதிவிடாதீர்கள். ஒரு முறையைத் தேர்ந்து முதல் அடிக்குறிப்பில் சொல்லிவிட்டு அதிலேயே நில்லுங்கள்.

இனி ஒப்பீடு. ஒரு தாளை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கம் முதல் கல்வெட்டு, வலப்பக்கம் இரண்டாவது. ஒவ்வொரு விதியையும் எதிரெதிரே எழுதுங்கள், வரி எண்ணோடு. வயது: முதலில் 30க்கு மேல் 60க்குள், அடுத்ததில் 35க்கு மேல் 70க்குள். நிலம்: வரி செலுத்தும் கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல், இரண்டாவதில் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரைநூல்) கற்று விளக்கத் தெரிந்தவருக்கு அரைக்கால் வேலி போதும் என்ற தளர்வு சேர்கிறது. சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். முந்தைய மூன்றாண்டில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. இரண்டாவது கல்வெட்டு இந்த உறவுமுறைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது: தாயின் உடன்பிறந்தாள் மக்கள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மருமகன், மைத்துனன் என்று போகிறது அந்தப் பட்டியல்.

இந்த இடத்தில்தான் கட்டுரைக்கு உயிர் வருகிறது, அவசரப்படாதீர்கள். ஒரு சபை இத்தனை உறவுகளை வரிசையாக எழுதிக் கல்லில் வெட்டுகிறது என்றால், அந்த உறவுகள் வழியாக யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்று ஊகிக்க இடமுண்டு. ஓலை எடுக்கும் முறையைப் பாருங்கள். ஊரில் 30 குடும்பு, அதாவது பிரிவு. ஒவ்வொரு குடும்புக்கும் பெயரோலைகள் தனிக் கட்டு. கட்டுகள் எல்லாம் ஒரு குடத்தில். பூசாரிகள் எல்லாரும் கூடியிருக்க, மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லாருக்கும் தெரியக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் பகல் வேளையில் ஒரு கட்டை எடுக்க வேண்டும். அதை வேறு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலை. அதை வாங்கும் மத்யஸ்தன் (நடுவர்) ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரல் வரை விதி எழுதியவர்கள் ஓலை மாற்றும் கள்ளத்தை அறிந்தவர்கள். இப்படித் தேறிய 30 பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். 'பஞ்சவார வாரியம்' என்று வருவதன் பொருளில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தெரிந்தது போல ஒரு பொருளை எழுதிவிடாமல் அந்த வேறுபாட்டையே ஓர் அடிக்குறிப்பில் குறியுங்கள்.

ஆனால் 'இருந்திருக்கலாம்' என்பதையும் 'இருந்தது' என்பதையும் கலக்கக்கூடாது. முறைகேடு நடந்தது என்று கல்வெட்டு நேரடியாகச் செய்தி சொல்லவில்லை. கெட்டவர் அழிந்து நல்லவர் செழிக்க இந்த ஏற்பாடு என்கிறது, அவ்வளவே. விதியிலிருந்து நடப்பை ஊகிக்கிறோம் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

'மக்களாட்சி' என்ற சொல்லுக்கு வருவோம். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேயம். வாரியத்துக்கு வர வேதக் கல்வி வேண்டும், நிலம் வேண்டும். பெண்கள் இல்லை, உழுது பயிர் செய்தவர்கள் இல்லை, கைவினைஞர் இல்லை. வேளாளர் ஊர்களில் 'ஊர்', வணிகர் இடங்களில் 'நகரம்' என்று வேறு அவைகள் இருந்தன. அவற்றுக்கு இந்த விதிகள் பொருந்தும் என்று இந்தக் கல்லில் எங்கும் இல்லை. இன்னொன்று, இந்த ஏற்பாடு நடந்தபோது அரச ஆணையோடு வந்த அதிகாரி சபையோடு கூட இருந்தார் என்று இரு கல்வெட்டுமே சொல்கின்றன. தன்னாட்சி என்று எழுதுபவர்கள் இந்த வரியை எப்படியோ விட்டுவிடுகிறார்கள். பெருமை கொள்ள வேண்டிய அளவுக்குக் கல்வெட்டிலேயே செய்தி இருக்கிறது. இல்லாததைச் சேர்த்தால் அந்தப் பெருமைதான் கெடும்.

கால் வேலியை ஏக்கராக மாற்றும் ஆசையும் வரும். பிற்காலத் தஞ்சாவூர் வழக்கில் ஒரு வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூரில் நிலம் அளந்த கோல் அதே நீளம் என்று கொள்ள முடியாது. வேலி என்றே விட்டுவிடுங்கள்.

ஒப்பிட ஓர் இரண்டாம் சான்று வேண்டுமென்றால் திருநெல்வேலிப் பக்கத்து மானூர்க் கல்வெட்டு நல்லது. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது. அங்கும் சபை உறுப்பினருக்குத் தகுதி சொல்லப்படுகிறது. எதைச் சொன்னாலும் 'அன்று' என்று முட்டுக்கட்டை போடுபவருக்கு ஐந்து காசு தண்டம் என்பதும் அதில் உண்டு. சபைகள் தமக்கு விதி எழுதிக்கொள்வது உத்திரமேரூருக்கு முன்பே இருந்தது என்று காட்ட ஒரு பத்தி போதும், அதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

பிற ஆய்வாளர் கருத்துகளுக்கு 400 சொல்லுக்கு மேல் தராதீர்கள். நீலகண்ட சாஸ்திரி வலுவான மைய அரசும் துடிப்பான ஊரவைகளும் சேர்ந்து இருந்ததாகப் பார்த்தார். பர்ட்டன் ஸ்டைன் 1980இல் மைய அரசின் பிடியையே கேள்விக்கு உள்ளாக்கினார். நொபொரு கராஷிமாவும் சுப்பராயலுவும் கல்வெட்டுச் சொற்களைப் பெருந்தொகையாக எண்ணி வகைப்படுத்தி வேறு திசையில் போனார்கள். இவர்களில் யார் சொல்வது உங்கள் இரண்டு கல்லோடு ஒத்துப்போகிறது என்பதுதான் நீங்கள் எழுத வேண்டியது. அரச அதிகாரி கூட இருந்த அந்த வரி இங்கே மறுபடி கைகொடுக்கும்.

சொற்கணக்கு உத்தேசமாக: கேள்வியும் அறிமுகமும் 300, ஊரும் காலமும் 350, சான்றின் விவரம் 450, ஒப்பீடும் விளக்கமும் 1,300, ஆய்வாளர் கருத்து 400, முடிவு 200. ஒப்பீடு 800க்குக் கீழே போனால் முன்னுரையில் எங்கோ சோழர் வம்ச வரலாறு நுழைந்திருக்கிறது என்று பொருள், அதை வெட்டுங்கள். அறிமுகத்தைக் கடைசியில் எழுதுவது எளிது.

குறிப்பு எடுக்கும்போதே நூல், பக்கம், கல்வெட்டு எண், வரி எண் நான்கையும் எழுதிவிடுங்கள். 'அப்புறம் தேடிக்கொள்ளலாம்' என்று விட்டது ஒப்படைக்கும் முந்தைய இரவில் கிடைக்காது. பிறர் வாக்கியத்தை அப்படியே எழுதினால் குறிப்பேட்டிலேயே மேற்கோள் குறி இடுங்கள். களவு என்று பிடிபடும் பல கட்டுரைகளில் நடந்தது, தன் சொல் எது பிறர் சொல் எது என்று குறிப்பேட்டில் பிரிக்காததுதான். எழுதி முடித்ததும் இரண்டு நாள் ஆறப்போட்டு, அடிக்குறிப்புகளை மட்டும் தனியே எடுத்து ஒவ்வொன்றையும் மூலத்தோடு வைத்துப் பாருங்கள். வரி எண் ஒன்று பிசகினாலும் திருத்துபவர் மற்றவற்றையும் சந்தேகிப்பார்.