6-ஆம் பெட்டும் 2-ஆம் பெட்டும்

எங்க ஐசியூல 6-ஆம் நம்பர் பெட்டுக்கு ஒரு கெட்ட பேரு உண்டு. அதுல படுத்தவங்க எழும்பி வார்டுக்கு போறது அபூர்வம்னு ஆயாம்மாவிலேருந்து செக்யூரிட்டி அண்ணன் வரைக்கும் எல்லாரும் சொல்லுவாங்க. ஒரே மாசத்துல மூணு பேர் அந்த பெட்டுல போனப்போ எங்க நைட் ஆயாம்மா, அவங்க பெந்தெகொஸ்தே சபைக்கு போறவங்க, ஜெபம் பண்ணின எண்ணெய்ய ஒரு குட்டி பாட்டில்ல கொண்டாந்து சைடு ரெயில்ல சிலுவை போட்டுட்டாங்க. நானும் சிஎஸ்ஐ குடும்பத்துல பொறந்து ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துல மனப்பாட வசனத்துக்கு பிரைஸ் வாங்கி வளந்தவதான், அதனால ஒண்ணும் சொல்ல வரல, "இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல் மேடம் பாத்தா திட்டுவாங்கக்கா, ராத்திரிக்குள்ள தொடச்சிருங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

காரணம் என்னன்னா, 6-ஆம் பெட்டு நர்சிங் ஸ்டேஷனுக்கு நேர் எதிர்ல இருக்கு. வென்டிலேட்டர் கேஸ், எப்ப என்ன ஆகும்னு தெரியாத கேஸ் எல்லாத்தையும் கண்ணு முன்னாடி இருக்கட்டும்னு இன்சார்ஜ் சிஸ்டர் அங்கதான் போடச் சொல்லுவாங்க. அப்புறம் அங்க சாவு கூடத்தான இருக்கும். இது எனக்கு நல்லாவே தெரியும், தெரிஞ்சும் ராத்திரி மூணு மணிக்கு அந்த பெட்டுக்கிட்ட தனியா நிக்கும்போது கர்த்தர் காப்பாத்துவார்னு சொல்ற 91-ஆம் சங்கீதத்த வாய்க்குள்ள சொல்லிக்கிட்டேதான் நிப்பேன், அத மறைக்க விரும்பல. 14 வருஷம் ஐசியூல இருந்தாலும் பயம் பயம்தான்.

இன்னொரு கேஸ் சொல்றேன். பைக் ஆக்சிடென்ட்ல தொடை எலும்பு முறிஞ்சு ஒருத்தர் வந்தார், நாப்பது வயசு இருக்கும். குடிப்பழக்கம் உண்டான்னு கேட்டதுக்கு வீட்டுக்காரங்க இல்லவே இல்லன்னுட்டாங்க. மூணாவது நாள் ராத்திரி ஆரம்பிச்சுது. கை நடுக்கம், வேர்வை, சுவத்துல எறும்பு ஊருதுன்னு கத்துறார், கையில இருந்த டிரிப்ஸ் லைன புடுங்கிட்டார், நாலு பேர் புடிச்சும் அடங்கல, குரலே வேற மாதிரி ஆயிட்டு. வெளிய அவர் மனைவி "அவருக்குள்ள என்னமோ பூந்துட்டு"ன்னு ஒரே அழுகை, விடிஞ்சதும் பாஸ்டர கூட்டிட்டு வந்துட்டாங்க. அவர் தலையில கைய வச்சு "இயேசுவின் நாமத்தில் வெளியே போ"ன்னு சத்தமா ஆரம்பிக்க, பேஷண்ட் பயந்து இன்னும் துள்றார். நான் பாஸ்டர ஓரமா கூப்பிட்டு, ஐயா இது குடிய திடீர்னு நிறுத்துனதால வர்றது, ரெண்டு மூணு நாள்ல இப்படி வரும், அதுக்கான மருந்து லோராசிபாமும் தயாமினும் போய்க்கிட்டு இருக்கு, இப்ப சத்தம் கூடுனா அவருக்கு ஆபத்துன்னு சொன்னேன். நல்ல மனுசன். கோவிச்சுக்கல. குரல தாழ்த்தி ரெண்டு நிமிஷம் ஜெபம் பண்ணிட்டு வெளிய போய் அந்த அம்மாகூட மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தார். மூணு நாள் கழிச்சு பேஷண்ட் தெளிஞ்சு இட்லி கேட்டார். குடிய பிசாசுன்னு மேடையில திட்டிட்டு போறது சுலபம், டிஸ்சார்ஜ் ஆனப்புறம் அந்த ஆள டீ-அடிக்‌ஷன் சென்டருக்கு கூட்டிட்டு போக சபையில ஒருத்தர் லீவு போடணும், அதுதான் ஆள் கிடைக்காத ஊழியம்.

பிசாசே இல்லன்னு நான் சொல்ல வரல. இருக்கான்னுதான் நம்புறேன். ஆனா நாம தேடுற இடம் தப்போன்னு ஒரு சந்தேகம். நம்ம பைபிள்ல இருக்கிற பிசாசுங்குற வார்த்தையும் எங்க பாட்டி சொல்ற பிசாசும் ஒரே சொல்லு, அதான் சிக்கலே. பாட்டி சொன்னது புளியமரத்துல இருக்கும், உச்சி வெயில்ல மல்லிப்பூ வச்சிட்டு தனியா போனா புடிக்கும். புதிய ஏற்பாட்டு கிரேக்கத்துல இருக்கிற தியாபோலோஸ்ங்குற வார்த்தைக்கு அவதூறு சொல்றவன், குத்தஞ்சாட்டுறவன்னு அர்த்தம், சாத்தான்ங்குற எபிரேயச் சொல்லுக்கு எதிராளின்னு அர்த்தம். ரெண்டுலயும் புளியமரம் இல்ல. பேசுறவன். ஏதேன்ல ஏவாள்கிட்டயும் சரி வனாந்தரத்துல இயேசுகிட்டயும் சரி, அவன் யாரையும் அடிக்கல, பேசத்தான் செஞ்சான்.

என்கிட்ட அவன் பேசுனது 6-ஆம் பெட்டுல இல்ல. மூலையில இருக்கிற 2-ஆம் பெட்டுல, தேறிட்டு வர்ற கேஸ போடுற பெட்டு அது.

இதுக்கு முன்கதை ஒண்ணு இருக்கு. 2021 மே மாசம், தமிழ்நாட்டுல ஒரு நாள் கேஸ் 36 ஆயிரத்த தாண்டின சமயம். பிபிஇங்குற கவச உடுப்ப மாட்டிக்கிட்டு உள்ள போனா ஆறு மணி நேரம் தண்ணி குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது, ஒருத்திக்கு எட்டு பேஷண்ட். மணிக்கு ஒரு தடவ வைட்டல்ஸ், அதாவது பிபி, நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவெல்லாம், சார்ட் கட்டத்துல எழுதணும், முடியுமா? கடைசியில வெளிய வந்து மானிட்டர்ல பாத்தத ஞாபகத்துல வச்சு மொத்தமா எழுதுவோம், ஞாபகம் இல்லாதத முன்ன பின்ன பாத்து நிரப்புவோம். எல்லாரும் செஞ்சோம். அன்னைக்கு அது பொய்யின்னே தோணல, உயிர காப்பாத்துறதா பேப்பர நிரப்புறதான்னு கேட்டா பதில் தெரிஞ்சதுதான. கொரோனா போச்சு. பழக்கம் போகல. அதுக்கப்புறம் ஒரு வருஷம், கொஞ்சம் பிஸியா இருந்தாலே நான் பேஷண்ட பாக்காமலே கட்டத்த நிரப்ப ஆரம்பிச்சுட்டேன், 120/80, 98 சதவீதம், கை தானா எழுதும்.

அந்த ராத்திரி 2-ஆம் பெட்டுல ஒரு அம்மா, சுகர் கால்புண்ணுல இன்ஃபெக்‌ஷன் ரத்தத்துல ஏறி வந்தவங்க. பிபிய ஏத்துற நோராட்ரினலின் மருந்த முந்தின நாள் சாயங்காலம்தான் நிறுத்தியிருந்தாங்க, அப்பாடா தேறிட்டாங்கன்னு எல்லாரும் நினைச்சோம். 1.40-க்கு 6-ஆம் பெட்டு பேஷண்டுக்கு இதயம் நின்னுபோச்சு. நாப்பது அம்பது நிமிஷம் நெஞ்ச அழுத்தி சிபிஆர், டாக்டர், நான், இன்னொரு ஸ்டாஃப் எல்லாரும் அங்க. முடியல, போயிட்டாங்க. சொந்தக்காரங்க அழுகை, பேப்பர் வேலை. 3.15-க்கு 2-ஆம் பெட்டு சார்ட்ட எடுத்தா ரெண்டு மணி கட்டமும் மூணு மணி கட்டமும் காலி. மணிக்கு எவ்வளவு யூரின் வந்துச்சுங்குற இடத்துல 40 எம்எல், 40 எம்எல்னு எழுதினேன். பெட்டுக்கு கீழ தொங்குற யூரின் பைய குனிஞ்சு கூட பாக்கல. நாலு மணிக்கு ஒரு 45, அஞ்சு மணிக்கு மறுபடியும் 40. அந்த 45-தான் எனக்கு இன்னைக்கும் உறுத்துது. எல்லாம் ஒரே நம்பரா இருந்தா சந்தேகம் வரும்னு வேணும்னே மாத்தி எழுதினது அது. அசதியில கை எழுதிடுச்சுன்னு நான் சொல்ல முடியாம பண்றது அந்த அஞ்சுதான்.

நாலரைக்கு டியூட்டி டாக்டர் வந்து சார்ட்ட பாத்தார். "யூரின் ஓகே"ன்னுட்டு போனார்.

ஆறு மணிக்கு டோட்டல் போட குனிஞ்சேன். ஒரு மணிக்கு நான் காலி பண்ணின யூரோமீட்டர்ல, யூரின் அளக்குற பை அது, அஞ்சு மணி நேரத்துக்கு மொத்தமே 50 எம்எல், கட்டன்சாயா கலர்ல. கிலோவுக்கு அரை எம்எல்லாவது மணிக்கு வரணும், அந்தம்மா 60 கிலோ, 30 வரணும், வந்தது பத்து. கிட்னி நிக்க ஆரம்பிச்சு நாலஞ்சு மணி நேரம் ஆயிருக்கு, நான் 40-ன்னு எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.

அப்ப மனசுக்குள்ள வந்தது என்னன்னு அப்படியே சொல்றேன். மறைச்சிருன்னு வரல. அப்படி வந்திருந்தா சீன்னு தள்ளியிருப்பேன். வந்தது இதுதான்: டாக்டர உடனே கூப்பிடு, யூரின் குறைஞ்சிடுச்சுன்னு சொல்லு, ஆனா அஞ்சு மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும் மட்டும் குறைஞ்சதா எழுது, மீதிய யாரும் பாக்கல, ட்ரீட்மென்ட் எப்படியும் இப்பவே ஆரம்பிச்சிரும், பேஷண்டுக்கு ஒரு நஷ்டமும் இல்ல, உனக்கும் வேலை போகாது, வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்கு. எவ்வளவு நியாயமா இருக்கு பாருங்க. அவ்வளவு அக்கறையா எங்கம்மா கூட பேசினதில்ல. இயேசுகிட்ட தேவாலயத்து உப்பரிகையில நின்னு பேசும்போது பிசாசு எடுத்துக் காட்டினது 91-ஆம் சங்கீதம்தான், நான் 6-ஆம் பெட்டுக்கிட்ட நின்னு அவனுக்கு எதிரா சொல்லிக்கிட்டு இருந்த அதே சங்கீதம். எனக்கு அது அப்புறமாத்தான் உறைச்சுது.

அந்த நேரத்துல நான் பிசாச கட்டி ஜெபிக்கிறதெல்லாம் பண்ணல. பிசாச எதிர்த்து நிக்க போட்டுக்கணும்னு பவுல் சொல்ற சர்வாயுதவர்க்கம் ஞாபகத்துக்கே வரல. இயேசுவேன்னு ஒரு தடவ சொன்னேன், அதுவும் மூச்சு மாதிரிதான். போன எடுத்து, "சார், ரெண்டாம் பெட் யூரின் ஒரு மணியிலேருந்து அம்பதுதான், சார்ட்ல இருக்கிறது தப்பு, நான் பாக்காம எழுதினது"ன்னு சொல்லிட்டேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் குரல் நடுங்குச்சு. அவர் கொஞ்ச நேரம் பேசல. "வர்றேன்"னு வச்சிட்டார். அப்புறம் அந்த நாலு எண்ணையும் ஒத்த கோட்டுல அடிச்சு, படிக்கிற மாதிரியே விட்டு, பக்கத்துல கையெழுத்தும் நேரமும் போட்டேன்.

இன்சிடென்ட் ரிப்போர்ட், மெமோ, இன்க்ரிமென்ட் கட், ரெண்டு மாசம் ஜெனரல் வார்டு. அந்தம்மாவுக்கு ரெண்டு டயாலிசிஸ் ஆச்சு, கிட்னி மெதுவா திரும்ப வந்துச்சு, வீட்டுக்கு போனாங்க. ராத்திரி கண்காணிப்புல தவறு நடந்திருக்குன்னு பெரிய டாக்டர் வீட்டுக்காரங்ககிட்ட சொன்னாராம், யாருன்னு சொல்லல. போறப்போ அவங்க மக என்னை வார்டுல தேடி வந்து ரெண்டு ஆரஞ்சு குடுத்துட்டு "நல்லா பாத்துக்கிட்டீங்க சிஸ்டர்"னு சொல்லிட்டு போனா. நான் வாங்கிக்கிட்டேன். வாய தொறக்கல. எதிர்த்து நின்னேன்னு நான் சாட்சி சொல்ற கதையில இந்த இடம் ஒட்டாம தனியா கிடக்கு.

ஜெப ஐக்கியத்துல இத சொன்னப்போ, பிசாசு உங்க வேலைய அழிக்க பெரிய தாக்குதல் கொண்டுவந்திருக்கான் சிஸ்டர், கட்டி ஜெபிப்போம்னாங்க. ஆறுதலாத்தான் சொன்னாங்க, எனக்குத்தான் சரின்னு படல. தாக்குதலா? ஒரு வருஷமா நானே நாற்காலி போட்டு உக்கார வச்சிருந்தேன். எபேசியர் 4-ஆம் அதிகாரத்துல "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்"னு 27-ஆம் வசனம், சின்ன வயசுல ஒப்பிச்சதுதான். அதுக்கு முன்னாடி என்ன இருக்கு பின்னாடி என்ன இருக்குன்னு அந்த வார்டு நாட்கள்லதான் பாத்தேன். 25 பொய்ய விட்டுட்டு அவனவன் அடுத்தவன்கிட்ட மெய் பேசணும், 26 பொழுது சாயுறதுக்குள்ள கோபம் தணியணும், 28 திருடுறவன் கையால பாடுபட்டு சம்பாதிக்கணும். பொய், கோபம், திருட்டு, நடுவுல பிசாசு. பவுல் எங்க டியூட்டி ரூம்ல உக்காந்து எழுதின மாதிரி இருந்துச்சு எனக்கு.

சொல்லிட்டா விட்டுருவான்னு நினைச்சேன், அதுவும் இல்ல. வனாந்தரத்துல இயேசுவ சோதிச்ச பிசாச பத்தி லூக்கா எழுதும்போதே "சிலகாலம்" விலகிப்போனான்னுதான் எழுதுறார். ஜெனரல் வார்டுல ஒவ்வொரு மருந்தும் மூணு தடவ செக் பண்ணுவேன், வீட்டுக்கு வந்து ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்கிட்டு, நீயெல்லாம் ஒரு நர்ஸா, நீ போய் ஜெபக் கூட்டத்துல கைய தூக்குற, அந்தம்மா செத்திருந்தா என்ன பண்ணுவன்னு ஓடிக்கிட்டே இருக்கும். கவனிச்சா அதே குரல். முன்னாடி இது ஒண்ணுமே இல்லன்னு சொன்ன குரல், இப்ப உனக்கு மன்னிப்பே இல்லங்குது. பைபிள்ல கடைசி புஸ்தகம் வெளிப்படுத்தல்ல இராப்பகலா குத்தஞ்சாட்டுறவன்னு அவனுக்கு ஒரு பேர் இருக்கு, அந்த ஷிஃப்ட் டைமிங் எனக்கு நல்லா புரிஞ்சுது.

என்னை அதுலேருந்து வெளிய எடுத்தது எங்க இன்சார்ஜ் சிஸ்டர். விபூதி பூசுறவங்க, பைபிள தொட்டிருக்க மாட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு கூப்பிட்டு, "நீயா சொன்ன பாரு, அதுக்காகத்தான் திருப்பி எடுக்கறேன், இனிமே மூணு நைட்டுக்கு மேல சேந்தாப்புல உனக்கு போட மாட்டேன், போய் தூங்கு மொதல்ல"ன்னாங்க. அந்த தப்பு நடந்த மாசம் நான் ஏழு நைட் தொடர்ந்து பாத்திருந்தேன்னு எனக்கே ஞாபகம் இல்ல, அவங்க ரோஸ்டர எடுத்து பாத்திருக்காங்க. பைபிள்ல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்கு கீழ சாகணும்னு படுத்தப்போ கர்த்தர் பிரசங்கம் எதுவும் பண்ணல. தூங்க விட்டார், அப்பமும் தண்ணியும் வச்சார், மறுபடியும் தூங்க விட்டார். ஆவிக்குரிய போராட்டத்த பத்தி பேசுற கூட்டத்துல தூக்கத்த பத்தி ஒருத்தராவது பேசினா நல்லாயிருக்கும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை.

இப்ப நான் கட்டம் காலியா இருந்தா காலியாவே விட்டுருவேன், பக்கத்துல ஏன்னு ஒரு வரி, "6-ஆம் பெட்டில் சிபிஆர், பார்க்க இயலவில்லை". ஆடிட்ல அதுக்கும் திட்டு விழும். புதுசா வர்ற பிள்ளைங்க "இப்படி விடலாமா சிஸ்டர்"னு பயந்துக்கிட்டே கேப்பாங்க, விடலாம்னு சொல்லுவேன். நிரப்பிரலாமேன்னு எனக்கு இப்பவும் தோணும், தோணாத நைட்டுன்னு ஒண்ணு இல்ல. தோணும்போது பேனாவ மூடி வச்சிட்டு சார்ட்டு மேல கைய வச்சு ஒரு நிமிஷம் நிப்பேன், அப்புறம் போய் பைய குனிஞ்சு பாத்துட்டு வருவேன்.

போன வாரம் நாலு மணிக்கு அப்படி நின்னப்போ எங்க ஆயாம்மா பிளாஸ்க்கோட வந்து, "என்ன சிஸ்டர், சார்ட்டு மேல கைய வச்சுக்கிட்டு நிக்கிய, தூக்கமா?"ன்னு கேட்டாங்க.

"ஆமாக்கா, தூக்கம்தான்."

டீய ஊத்தி குடுத்துட்டு, 6-ஆம் பெட்டு பக்கம் போறப்போ இடுப்புல எண்ணெய் பாட்டில் இருக்கான்னு ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கிட்டாங்க.