தங்கச்சிக்குக் கல்விக்கடன் வாங்கிய கதை

நான் பிளஸ் டூவோடு நின்றவன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை. அப்பா ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக் கூலி. தங்கச்சிக்கு கவுன்சிலிங்கில் பி.இ. கிடைத்ததும் வீட்டில் சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். மாற்றுச் சான்றிதழில் அவள் தலைப்பெழுத்து 'மா', ஆதாரில் 'எம்'. அந்த ஒற்றை எழுத்துக்காக ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மூன்று தடவை ஏறி இறங்கினோம். தயவுசெய்து பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி எல்லாவற்றையும் பிளஸ் டூ முடிவதற்குள் சரிபார்த்து வையுங்கள்.

அடுத்தது கடன். நாங்கள் கேட்டது மூன்றரை லட்சம். ஒரு வங்கிக் கிளையில், "வீட்டுப் பத்திரம் இருக்கா?" என்றார்கள். அப்பா தலை குனிந்துகொண்டார். அந்த முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. 4 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி சொன்ன விதி. அது தெரியாமல் திரும்பி வந்துவிட்டோம். பிறகு கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிவு செய்து, அந்த விண்ணப்ப எண்ணோடு வேறொரு வங்கிக்குப் போனோம். கடன் கிடைத்தது.

தங்கச்சி அரசுப் பள்ளியில் படித்ததால் தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. முதல் மாதப் பணத்தில் அப்பாவுக்கு ஒரு கம்பளி வாங்கினாள்.

பத்திரம் இல்லை என்று யாரும் தலைகுனிய வேண்டாம். பட்டறைக்கு வாங்க, படிவம் நிரப்ப நான் கூட இருக்கேன்.