டல் லேயர்

"அக்கா, இந்தப் பொண்ணு முதல்ல ஏன் கருப்பா இருக்கணும்?"

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்தவள் கேட்டாள். மேக்கப் கேம் ஒன்றுக்கு முகம் வரைந்துகொண்டிருந்தாள். நான் அவளுக்கு சீனியர். "கருப்பு இல்லம்மா, டல். கிளையன்ட் அப்படித்தான் கேக்கறாங்க" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். நடந்தது அவ்வளவுதான். ஆறு வருடமாக அது என்னை விட்டுப் போகவில்லை.

அந்த கேம்களில் ஒரே முகத்துக்கு இரண்டு படம். அடியில் பளிச்சென்ற முகம். அதன் மேலே பரு, கருவளையம், கலைந்த புருவம். குழந்தை விரலால் தேய்க்கத் தேய்க்க மேல்படம் அழிந்து அடியில் உள்ளது தெரியும். மேல்படத்தில் முகம் முழுக்கப் பழுப்பாக ஒரு லேயரும் உண்டு. ஃபைலில் அதன் பெயரே 'டல்'.

வேறென்ன சொல்லியிருக்க முடியும்? வெள்ளிக்கிழமை கேமின் பில்டு கிளையன்ட்டுக்குப் போக வேண்டும். வந்து இரண்டு வாரமே ஆன பெண்ணிடம் நிற அரசியல் பேசவா? ஆனால் அவளும் என்னைப் போல நல்ல கருப்பு. நான் பதில் சொன்னது அந்த முகத்தைப் பார்த்துத்தான்.

பெண்பிள்ளைகளுக்கான கேம் என்றாலே மட்டம் என்று பேசுகிறவர்களோடு நான் இன்றும் சண்டை போடுவேன். 1996-இல் பார்பி பொம்மை நிறுவனமான மேட்டல் கொண்டுவந்த 'பார்பி ஃபேஷன் டிசைனர்' முதல் இரண்டு மாதத்திலேயே 5 லட்சத்துக்கு மேல் விற்றது. கணினியில் உடை வடிவமைத்து, பிரிண்டரில் துணியில் அச்சிட்டு, வெட்டி, கையிலிருக்கும் பொம்மைக்கு மாட்டிவிடலாம். ஒரு சிறுமி தானே ஒன்றை உருவாக்குகிறாள், இதில் மட்டம் என்ன? அதே வருடம் கேம் வடிவமைப்பாளர் பிரெண்டா லாரல் தொடங்கிய பர்ப்பிள் மூன் நிறுவனம், சிறுமிகளை உட்காரவைத்துப் பேசிக் கேட்டு, பள்ளிக்கூட நட்பையும் மனஸ்தாபத்தையும் கேமாக்கியது. 1999-இல் அதை மூடினார்கள், மேட்டலே வாங்கிக்கொண்டது. எனக்கு அது இன்னும் வருத்தம்.

புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும் பேக்-மேன் கேமையும் சொல்ல வேண்டும். பெண்களும் விளையாட வர வேண்டும் என்று யோசித்த ஜப்பானிய வடிவமைப்பாளர் தோரு இவாதானி, பெண்களுக்குச் சாப்பிடப் பிடிக்கும் என்பதிலிருந்து 1980-இல் அதை உருவாக்கினார். அதுவும் ஒரு முன்முடிவுதான். இருந்தாலும் அந்த கேம் யாரையும் குறைவாகக் காட்டவில்லை. அதனால் பிங்க், பொம்மை, சமையல் எதுவும் என்னை உறுத்தவில்லை. பையன்களுக்கான கேமிலும் ஹீரோ ஆரம்பத்தில் பலமில்லாமல்தான் வருவான். அவன் கையில் வாளைக் கொடுக்கிறோம். இவளுக்கோ முகத்திலேயே குறை வைத்துத் தொடங்குகிறோம்.

இதையெல்லாம் அன்றே யோசித்ததுபோல் எழுதுகிறேன். அப்படி இல்லை.

அடுத்த கேமில் ஐந்து தோல் நிறங்கள் வைக்க வேண்டும் என்று மீட்டிங்கில் விடாமல் பேசி வாங்கினேன். அவள் கேள்விக்கு அதுதான் என் பதில் என்று நினைத்துக்கொண்டேன், பெருமையாகவும் இருந்தது. கேம் வெளியாகிப் பல மாதம் கழித்துத்தான் கவனித்தேன்: ஐந்து நிறத்தின் மேலும் அதே டல் லேயர், 40 சதவீத அடர்த்தியில். குழந்தை எந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தாலும், தேய்த்தால் வெளுக்கும். அப்புறம் வந்த அப்டேட்டில் அதை எடுக்கச் சொன்னேனா என்றால், இல்லை. தேய்த்ததும் மாற்றம் பளிச்சென்று தெரிய வேண்டுமே என்று விட்டுவிட்டேன். இப்போதும் அந்த வாதம் முழுக்கத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் பழைய மெயில்களைத் தேடும்போது கிளையன்ட் அனுப்பிய முதல் குறிப்பு கண்ணில் பட்டது. பரு, கருவளையம், கலைந்த முடி, சோர்ந்த கண். நிறத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டெம்ப்ளேட் ஃபைலை அவள் சேர்வதற்கு முன்பே செய்தது நான். பார்லரில் உட்காரும்போதெல்லாம் "ஃபேஸ் டல்லா இருக்கு மேடம்" என்று எனக்குச் சொல்வார்கள். அந்த வார்த்தையைத்தான் லேயருக்குப் பெயராக வைத்திருக்கிறேன்.

கிளையன்ட் கேக்கறாங்க என்று அவளிடம் சொன்னபோது நான் சமாளிக்கவில்லை. அப்படித்தான் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.