எச்பிவி பாசிட்டிவ் என்று வந்த பிறகு

எந்தத் தொந்தரவும் இல்லாமல்தான் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஸ்கிரீனிங்குக்குப் போனேன். ரிப்போர்ட்டில் 'எச்பிவி 16 பாசிட்டிவ்' என்று வந்தது. எச்பிவி என்பது பெரும்பாலும் உடலுறவு வழியாகப் பரவும் ஒரு வைரஸ். கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு எச்பிவி 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். அதனால் கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி சோதனைக்கு நேராக அனுப்பிவிட்டார்கள்.

"வைரஸ் இருக்குன்னுதான் இதுக்கு அர்த்தம், புற்றுநோய் இருக்குன்னு இல்லை" என்றார் டாக்டர். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடுமாம். தங்கிவிட்டால்தான் சிக்கல். அப்போதும் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகும். யாரிடமிருந்து எப்போது தொற்றியது என்று கண்டுபிடிக்க வழியில்லை. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். வீட்டில் பஞ்சாயத்து வைப்பது வீண்.

கால்போஸ்கோபிக்கும் பாப் ஸ்மியருக்கு (கருப்பைவாயில் செல் எடுத்துப் பார்க்கும் சோதனை) படுப்பது போலத்தான் படுக்க வேண்டும். உள்ளே பார்க்க வசதியாக விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் கருவியை வைத்து, கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவினார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான், கொஞ்சம் எரிந்தது. சிறிது நேரத்தில் சந்தேகமான இடம் வெளுத்துக் காட்டும். மானிட்டரில் நானும் பார்த்தேன், இளஞ்சிவப்புக்கு நடுவே ஒரு வெள்ளைத் திட்டு. அங்கிருந்து துளி சதையைக் கிள்ளி எடுத்தார்கள். மாதவிடாய் வலி மாதிரி சுருக்கென்று ஓர் இழுப்பு, அவ்வளவுதான். அப்புறம் சில நாள் லேசான ரத்தக்கசிவு இருந்தது.

அந்தச் சதையைச் சோதித்த பயாப்சியில் சிஐஎன் 1, அதாவது லேசான செல் மாற்றம். தானாகவே சரியாக வாய்ப்பு அதிகம், ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்கள். புகைப்பழக்கம் உண்டா என்றும் கேட்டார்கள். புகைத்தால் வைரஸ் எளிதில் போகாதாம்.

அடுத்த கேள்விதான் என்னை உலுக்கியது: குடும்பத்தில் யாருக்காவது மார்பகம், சினைப்பை, குடல் புற்றுநோய் உண்டா? என் சித்திக்குச் சினைப்பையில் வந்தது. நான் செய்த டெஸ்ட் சினைப்பையைப் பற்றி எதுவும் சொல்லாது. அறிகுறி இல்லாதவர்களுக்கு அதைக் கண்டுபிடிக்க நம்பகமான ஸ்கிரீனிங்கே கிடையாது. முதலில் சித்திக்கு பிஆர்சிஏ மரபணு சோதனை (மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது) செய்துவிட்டு, அதில் ஏதாவது தெரிந்தால் எனக்கும் பார்க்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இன்னொரு வகை. அதற்கு உடல் பருமனும் பிசிஓஎஸ்ஸும் (ஹார்மோன் கோளாறால் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் போகும் பிரச்சினை) ஆபத்தைக் கூட்டும். மாதவிடாய் நின்ற பிறகு துளி ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

எனக்கு ஏற்கெனவே இருக்கும் வைரஸை எச்பிவி தடுப்பூசி போக்காது. மகளுக்கு வயது 12. உலக சுகாதார நிறுவனம் முன்னுரிமை தரும் வயது 9 முதல் 14 வரை, அதனால் அவளுக்குப் போட்டாச்சு. பெரியவளானதும் அவளும் ஸ்கிரீனிங்குக்குப் போகத்தான் வேண்டும். எச்பிவியின் எல்லா வகைகளையும் ஊசி தடுத்துவிடாது.